புற்றுநோய் செல்லின் சவ்வுப் புரதங்களில் பாஸ்பேட்டை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வரும் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வெஸ்டர்ன் பிளாட்டும் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, தாளில் ஏற்றி, குறிப்பிட்ட புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காண்பது) மாஸ் ஸ்பெக்கும் (புரதத் துண்டுகளின் நிறையை அளந்து அடையாளம் காண்பது) சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்கப்படும் வரிசைகூடப் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, கீழே விடைகளைத் தந்திருக்கிறேன். எல்லாப் புரதங்களைப் பற்றியும் பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது என்பதால், இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஒரே ஏற்பிப் புரதத்தையும் (ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் செய்தியைப் பெறும் புரதம்) ஏ431 என்ற ஒரே செல் வரிசையையும் (ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்.

பாஸ்பேட் ஏறுவது என்றால் என்ன? அதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

செரின், த்ரியோனின், டைரோசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அதில் ஒட்டுவது கைனேஸ் என்னும் நொதி. ஒட்டியதை நீக்குவது பாஸ்படேஸ். பாடநூல்கள் பாஸ்பரிகரணம் என்று சொல்வது இதைத்தான். இரண்டு வகை நொதிகளும் செல்லுக்குள் எந்நேரமும் வேலை செய்துகொண்டிருப்பதால், ஒரு புரதத்தில் ஏறிய பாஸ்பேட் சில நிமிடங்களில், சில சமயம் சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விடைகளில் பாதி தானாகவே விளங்கும்.

இ.ஜி.எஃப்.ஆர். செல்லின் மேற்பரப்பில் சவ்வை ஒருமுறை மட்டும் ஊடுருவி நிற்கும் ஏற்பி. இ.ஜி.எஃப். என்ற 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் வெளியிலிருந்து வந்து பற்றியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. இணைந்தபின், செல்லுக்குள் நீண்டிருக்கும் வால் பகுதியின் டைரோசின்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அந்த டைரோசின்களை கிரப்2 போன்ற புரதங்கள் பற்றிக்கொள்ள, செல்லைப் பிரிந்து பெருகச் சொல்லும் செய்தி உட்கருவரை போய்ச் சேர்கிறது. நுரையீரல் புற்றுநோய் ஒன்றில் இந்த ஏற்பியின் 858ஆவது இடத்திலுள்ள லூசின் ஆர்ஜினினாக மாறிவிட்டால், இ.ஜி.எஃப். வராமலேயே கைனேஸ் விழித்திருக்கும். இந்தக் கைனேஸைத் தடுக்கும், 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஜெஃபிட்டினிப் என்ற மருந்து சில நோயாளிகளுக்கு மட்டும் வியக்கத்தக்க பலன் தந்ததற்கு இத்தகைய மாற்றங்களே காரணம் என்பது 2004இல் தெரியவந்தது.

புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதாதா? பாஸ்பேட்டை ஏன் தனியாக அளக்க வேண்டும்?

போதாது. புரதத்தின் அளவு அப்படியே இருக்க, அதன் வேலை மட்டும் பல மடங்கு கூடலாம். ஏ431 செல்களுக்கு இ.ஜி.எஃப். கொடுத்து 5 நிமிடம் கழித்துப் பார்த்தால் ஏற்பியின் மொத்த அளவில் மாற்றம் தெரியாது; டைரோசின் பாஸ்பேட்டோ, அருகிலிருக்கும் கட்டுப்பாட்டு மாதிரியோடு ஒப்பிடவே தேவையில்லாத அளவுக்கு உயர்ந்திருக்கும்.

எல்லாரும் ஏ431 செல்லையே ஏன் எடுத்துக்கொள்கிறார்கள்?

அந்தச் செல் வரிசை 85 வயதுப் பெண் ஒருவரின் பிறப்புறுப்புத் தோல் புற்றிலிருந்து 1973இல் உருவாக்கப்பட்டது. இ.ஜி.எஃப்.ஆர். மரபணு அதில் பெருகியிருப்பதால் ஒரு செல்லின் மேற்பரப்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏற்பிகள் இருக்கின்றன. சாதாரணச் செல்களில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டுவதில்லை. அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி கோஹனின் குழு, இ.ஜி.எஃப். சேர்த்ததும் சவ்வில் பாஸ்பேட் ஏறுவதை 1978இல் முதன்முதலாகக் காட்டியது இந்தச் செல்லின் சவ்வுகளை வைத்துத்தான். பின்னர் 1986இல் அவருக்கு ரீட்டா லெவி மோன்டால்சினியுடன் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்னல் பெரிதாகக் கிடைக்கும் என்பதால் கற்றுக்கொள்வதற்கு ஏ431 மிக நல்லது. ஆனால் அதை எல்லாப் புற்றுநோய்க்கும் மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நானோமோலார் அளவில் இ.ஜி.எஃப். கொடுத்தால் இந்தச் செல்களின் வளர்ச்சி கூடாமல் குறைகிறது என்பதை அறியும்போது பலர் திடுக்கிடுகிறார்கள். ஏற்பிகள் இவ்வளவு மிகுதியாக இருப்பதால் அவற்றை உள்ளிழுக்கும் வழியும் நெரிசலாகிவிடுகிறது. அதனால் சிக்னல் இறங்கும் வேகமும் வேறு செல்களில் காண்பதைப் போல இருக்காது.

செரின், த்ரியோனின், டைரோசின் மூன்றில் எதைத் தேடுவது?

ஏற்பியின் கைனேஸ் விழித்திருக்கிறதா என்று அறிய டைரோசினைத் தேட வேண்டும். பிற கைனேஸ்கள் ஏற்பியை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று அறிய செரினையும் த்ரியோனினையும் பார்க்க வேண்டும். அளவில் இம்மூன்றும் சமமானவை அல்ல. ஹீலா என்ற புற்றுச் செல் வரிசையில் 6,600 பாஸ்பேட் இடங்களைக் கணக்கிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில் செரின் 100க்கு ஏறத்தாழ 86, த்ரியோனின் 12, டைரோசின் 2 என்ற விகிதத்திலேயே இருந்தன.

டைரோசின் இவ்வளவு அரிதாக இருந்ததால்தான் நெடுங்காலம் கண்ணில் படாமலே இருந்தது. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்டர் 1979இல் அதைக் கண்டுபிடித்ததற்கு ஒரு பழைய கரைசல் துணை செய்தது. அமினோ அமிலங்களைப் பிரிக்க அவர் பயன்படுத்திய பஃபரின் பி.எச். 1.9 ஆக இருந்திருக்க வேண்டும். பலமுறை பயன்படுத்தியதில் அது 1.7 ஆக இறங்கியிருந்தது. பி.எச். 1.9இல் பாஸ்போத்ரியோனினும் பாஸ்போடைரோசினும் ஒரே புள்ளியாக ஓடும், 1.7இல் பிரிந்து தெரிந்தன. கோஹனின் குழுவும் தாங்கள் கண்டது த்ரியோனின் என்றே முதலில் கருதியிருந்து, 1980இல் அது டைரோசின் என்று திருத்திக்கொண்டது. இந்தக் கதையை மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிரிக்கும் முறை எதைப் பிரிக்கவில்லையோ அது நம்மைப் பொறுத்தவரை இல்லாததாகவே ஆகிவிடுகிறது.

செல்களைப் பட்டினி போடச் சொல்கிறார்களே, கட்டாயமா?

செல்களை வளர்க்கும் ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. அவை இருக்கும்வரை ஏற்பி ஓரளவு விழித்தே இருக்கும், இ.ஜி.எஃப். கொடுத்த மாதிரிக்கும் கொடுக்காத மாதிரிக்கும் வேறுபாடு மங்கிவிடும். எனவே இரவு முழுவதும் சீரம் இல்லாமல் வைத்து, காலையில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் இ.ஜி.எஃப். சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் விடுவது வழக்கம். ஊடகத்தை மாற்றுவதும் தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்துக் குலுக்குவதும்கூடச் சில சிக்னல்களை எழுப்பும் என்பதால், இ.ஜி.எஃப். இல்லாத தட்டுக்கும் அதே அளவு வெற்றுக் கரைசலை அதே நேரத்தில் ஊற்றுங்கள்.

செல்களை எடுக்க, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினைப் பயன்படுத்த வேண்டாம். சவ்வுப் புரதங்களின் வெளிப்பகுதியை அது வெட்டுகிறது. ஒட்டியிருந்த செல்லைப் பெயர்ப்பதே பாஸ்பேட் நிலையை மாற்றுகிறது. பனிக்கட்டியில் வைத்த உப்புக் கரைசலால் தட்டை விரைவாகக் கழுவி, உடைக்கும் பஃபரை நேரடியாக அதன்மேல் ஊற்றிச் சுரண்டி எடுப்பதே நல்லது.

பாஸ்படேஸ் தடுப்பான் கலவை போட்டேன். ஆனாலும் சிக்னல் வரவில்லை. ஏன்?

என்னிடம் மிகுதியாக வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் குற்றவாளி சோடியம் ஆர்த்தோவனடேட் தயாரித்த விதம். டைரோசின் பாஸ்படேஸ்களைத் தடுக்கும் இந்த உப்பைத் தண்ணீரில் கரைத்தவுடன் பயன்படுத்த முடியாது. வனடேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து டெக்காவனடேட்டாகி, கரைசல் மஞ்சளாக இருக்கும். அந்த வடிவம் தடுக்க வேண்டியதைத் தடுக்காது. பி.எச்.சை 10க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியபின் மீண்டும் பி.எச். பார்த்து, தேவையானால் மீண்டும் கொதிக்கவைக்க வேண்டும். நிறமற்றும் பி.எச். 10இல் நிலையாகவும் இருக்கும்போதுதான் அது தயார்.

அடுத்த குற்றவாளிகள் பஃபர்களில் சேர்க்கப்படும் டி.டி.டி., ஈ.டி.டி.ஏ. என்ற இரண்டு வேதிப்பொருள்கள். முதலாவது வனடேட்டை ஒடுக்குகிறது. இரண்டாவது அதைப் பற்றிக்கொண்டு நொதியிலிருந்து விடுவிக்கிறது. முன்பு நான் வேலை செய்த ஓர் ஆய்வுக்கூடத்தில், உடைக்கும் பஃபரில் டி.டி.டி. சேர்ந்திருந்ததைக் கவனிக்காமல் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆன்டிபாடியைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். பஃபரின் பட்டியலை வரிவரியாக எழுதிப் பார்த்த நாளில்தான் விடை கிடைத்தது. அன்றிலிருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயரை நான் நம்புவதில்லை. உள்ளிருக்கும் பொருள்களின் பட்டியலைக் கேட்கிறேன்.

வனடேட் டைரோசினுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். செரின், த்ரியோனின் பாஸ்படேஸ்களுக்குச் சோடியம் ஃபுளோரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட், சோடியம் பைரோபாஸ்பேட் ஆகியவை வேண்டும். தடுப்பான்களை நம்பாமலேயே ஒரு வழி இருக்கிறது: எஸ்.டி.எஸ். என்ற வலிய டிடர்ஜென்ட்டின் 1 சதவீதக் கரைசலைக் கொதிநிலைக்கு அருகில் சூடாக்கித் தட்டில் ஊற்றினால் எல்லா நொதிகளும் அந்தக் கணமே செயலிழக்கும். டி.என்.ஏ. வெளியேறிப் பிசுபிசுப்பாகும், அதை ஒலியலையால் உடைக்க வேண்டும்; அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொண்டால் பாஸ்பேட்டைக் காப்பதில் இதற்கு இணையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சவ்வைக் கரைக்க எந்த டிடர்ஜென்ட் நல்லது? டிரைட்டான் எக்ஸ்-100 போதுமா?

இ.ஜி.எஃப்.ஆர். போன்று ஒருமுறை ஊடுருவும் புரதத்துக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் கொலஸ்ட்ரால் செறிந்த சவ்வுப் பகுதிகள் குளிர்ந்த டிரைட்டானில் கரைவதில்லை. சுழற்றியபின் மேல்நீரை மட்டும் எடுத்துக்கொண்டு படிவை வீசிவிட்டால், உங்கள் புரதத்தின் ஒரு பங்கு, அதுவும் பாஸ்பேட் நிலை வேறாக இருக்கக்கூடிய பங்கு, அதோடு போய்விடுகிறது. படிவையும் எஸ்.டி.எஸ்.சில் கரைத்து ஒருமுறையாவது ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்தெடுக்க வேண்டுமானால் மென்மையான டிடர்ஜென்ட் தேவை. வெறும் பிளாட் மட்டும் என்றால் முந்தைய விடையில் சொன்ன சூடான எஸ்.டி.எஸ்.சே மேல்.

சவ்வைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டுமா, மொத்த லைசேட்டே (செல்லை உடைத்துக் கிடைக்கும் கரைசலே) போதுமா?

கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. ஏற்பியில் பாஸ்பேட் கூடியதா என்பது மட்டும் கேள்வியானால் மொத்த லைசேட்டே போதும், இ.ஜி.எஃப்.ஆர். எப்படியும் ஏதோ ஒரு சவ்வில்தான் இருக்கும். பிரிக்கும் ஒவ்வொரு படியும் நேரத்தைத் தின்கிறது, நேரம் பாஸ்பேட்டைத் தின்கிறது. அளவில் குறைந்த புரதம் என்றாலோ, மாஸ் ஸ்பெக்கில் சவ்வுப் புரதங்களைப் பரவலாகப் பார்க்க வேண்டும் என்றாலோ பிரிப்பதில் பொருள் இருக்கிறது. செறிவு குறைந்த உப்புக் கரைசலில் செல்லை உப்பவைத்து உடைத்து, புவியீர்ப்பைப் போல 1,000 மடங்கு விசையில் உட்கருவையும், 10,000 மடங்கில் மைட்டோகாண்ட்ரியாவையும் இறக்கி, மீதியை 1,00,000 மடங்கில் ஒரு மணி நேரம் சுழற்றினால் சவ்வுத் துண்டுகள் படியும். சவ்வின்மேல் வெறுமனே ஒட்டியிருக்கும் புரதங்களைக் கழற்ற, பி.எச். 11 சோடியம் கார்பனேட்டால் கழுவலாம்.

இப்படிக் கிடைக்கும் படிவு செல்லின் வெளிச்சவ்வு மட்டும் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு, உள்ளிழுக்கப்பட்ட பைகள் எல்லாமே அதில் இருக்கும். மேற்பரப்பில் நிற்கும் ஏற்பிகள் மட்டும் வேண்டுமானால், சவ்வைக் கடக்க முடியாத பயோட்டின் வினைப்பொருளைப் பனிக்கட்டியில் வைத்த உயிருள்ள செல்களின்மேல் ஊற்றி, வெளியே தெரியும் லைசின்களில் ஒட்டவைத்து, பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் பிடிக்க வேண்டும். எந்த வழியானாலும் சோடியம் பொட்டாசியம் ஏ.டி.பி.யேஸ் (வெளிச்சவ்வின் அடையாளப் புரதம்), கால்நெக்ஸின் (எண்டோபிளாச வலையின் அடையாளம்), ஜி.ஏ.பி.டி.எச். (சைட்டோபிளாசத்தின் அடையாளம்) ஆகிய மூன்றையும் பிளாட்டில் பார்த்து, எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டாமல் "சவ்வுப் பகுதி" என்று எழுதாதீர்கள்.

மாதிரியை 95 டிகிரியில் கொதிக்கவைத்தபின் புரதம் ஜெல்லின் உச்சியிலேயே நின்றுவிட்டது. என்ன தவறு?

பலமுறை ஊடுருவும் சவ்வுப் புரதங்கள் கொதிக்கவைத்தால் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகிவிடும், எஸ்.டி.எஸ். இருந்தும் பிரியாது. ஜி புரத ஏற்பிகளிலும் கடத்திகளிலும் இது மிகப் பொதுவானது. 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்துப் பாருங்கள். இ.ஜி.எஃப்.ஆர். ஒருமுறை மட்டும் ஊடுருவுவதால் கொதிக்கவைத்தாலும் தாங்கும். அதில் பழகியவர்கள் அதே பழக்கத்தைக் கடத்திகளுக்கும் கொண்டுபோகும்போதுதான் இந்தச் சிக்கல் வருகிறது.

பிளாட் தாளைப் பாலில் ஊறவைக்கக் கூடாது என்கிறார்களே?

பாலின் கேசின் செரினில் பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடி அதையும் பிடித்துப் பின்னணியைக் கறுப்பாக்கலாம் என்பது அச்சம். அதனால் மாட்டுச் சீரம் ஆல்புமினைப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில், ஒரு குறிப்பிட்ட டைரோசினையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்து அடையாளம் காணும் ஆன்டிபாடிகள் பல, பாலிலும் நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டிலும் ஒருமுறை செய்து பார்த்து எது சுத்தமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்படி 130 கிலோ டால்டன் வர வேண்டிய புரதம் 170இல் நிற்கிறது. இது பாஸ்பேட்டாலா?

இல்லை. ஒரு பாஸ்பேட் 80 டால்டன்தான். பத்து ஏறினாலும் ஒரு கிலோ டால்டனை எட்டாது. ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளே பட்டையை மேலே நிறுத்துகின்றன. பி.என்.ஜி.யேஸ் எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டினால் பட்டை கீழே இறங்குவதைப் பார்க்கலாம்.

ஒரு கட்டுரையில் டைரோசின் 1068, இன்னொன்றில் 1092. இரண்டும் வேறு வேறு இடங்களா?

ஒரே இடம்தான். இ.ஜி.எஃப்.ஆர். உருவாகும்போது 1,210 அமினோ அமிலங்கள் இருக்கும். சவ்வுக்கு வழிகாட்டும் முதல் 24 வெட்டப்பட்டு 1,186 மிஞ்சும். வெட்டியபின் எண்ணுவது பழைய வழக்கம், வெட்டுவதற்கு முன்னிருந்து எண்ணுவது தரவுத்தளங்களின் வழக்கம். வித்தியாசம் எப்போதும் 24. அப்படியே 1173ம் 1197ம் ஒன்று.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆன்டிபாடிப் புட்டிகளில் பாஸ்பேட் இடங்களுக்குப் பழைய எண் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் முதல் விடையில் சொன்ன 858ஆவது லூசினும், மருந்துக்கு வசப்படாமல் செய்யும் 790ஆவது த்ரியோனினும் முழு நீள எண்ணிக்கையில் சொல்லப்படுபவை. ஒரே பத்தியில் இரண்டு எண்முறைகளும் கலந்து வருவதை ஆய்வேடுகளில் பலமுறை கண்டிருக்கிறேன். எந்த எண்முறை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பட்டை வந்துவிட்டது. அது உண்மையிலேயே பாஸ்பேட்தான் என்று எப்படி நிரூபிப்பது?

லைசேட்டின் ஒரு பங்கை, தடுப்பான்கள் இல்லாமல், மாங்கனீசு சேர்த்து லாம்டா பாஸ்படேஸுடன் 30 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பட்டை மறைந்து, மொத்தப் புரதத்தின் பட்டை மாறாமல் இருந்தால் ஆன்டிபாடி பாஸ்பேட்டைத்தான் பார்க்கிறது. ஜெஃபிட்டினிப் அல்லது அதே வகை மருந்தான எர்லோட்டினிப் கொடுத்த செல்களில் பட்டை மங்கினால், அந்த பாஸ்பேட் ஏற்பியின் கைனேஸைச் சார்ந்தது என்று தெரிகிறது.

ஆனால் எந்த டைரோசின் என்பதை இவை இரண்டும் சொல்லாது. ஏற்பியின் வாலில் ஒன்றையொன்று ஒத்த டைரோசின்கள் பல இருக்கின்றன. ஒன்றுக்கென்று வாங்கிய ஆன்டிபாடி பக்கத்து இடத்தையும் ஓரளவு பிடிக்கலாம். அந்த ஒரு டைரோசினை மட்டும் ஃபினைல் அலனினாக மாற்றிய ஏற்பியை, தனக்கென இ.ஜி.எஃப்.ஆர். இல்லாத செல்லில் உருவாக்கி, அதில் பட்டை போய்விடுகிறதா என்று பார்ப்பதே முழுமையான சான்று.

பாஸ்பேட் பட்டை 3 மடங்கு ஏறியது. ஜி.ஏ.பி.டி.எச். சமமாக இருக்கிறது. எழுதிவிடலாமா?

மொத்த இ.ஜி.எஃப்.ஆர். என்ன ஆனது என்று பார்க்காமல் எழுத வேண்டாம். ஏற்பியே 3 மடங்கு கூடியிருந்தால், ஒரு ஏற்பிக்கு ஏறிய பாஸ்பேட் கொஞ்சமும் மாறவில்லை என்றாகும். இரண்டு முடிவுகளும் பொருளுள்ளவையே, ஆனால் வேறு வேறு பொருள். ஜி.ஏ.பி.டி.எச். நீங்கள் சமமாக ஊற்றினீர்களா என்பதை மட்டும் சொல்லும். அதே தாளை உரித்து மீண்டும் ஆன்டிபாடி போடுவதைவிட, ஒரே மாதிரியை இரண்டு ஜெல்லில் ஓட்டுவதையே நான் விரும்புகிறேன். முதல் ஆன்டிபாடி முழுமையாக உரிந்ததா என்ற ஐயம் அதில் எழுவதில்லை. பட்டை நிறைந்து தெவிட்டிய படத்தை அளக்காதீர்கள். மாதிரியைப் பாதியாகவும் கால்பங்காகவும் நீர்த்து ஓட்டினால் சிக்னலும் அதே விகிதத்தில் குறைகிறதா என்று முதலில் பாருங்கள்.

மாஸ் ஸ்பெக்குக்கு எவ்வளவு மாதிரி வேண்டும்? பாஸ்பேட் பெப்டைடுகளைத் தனியாகச் செறிவாக்காமல் செய்ய முடியாதா?

டிரிப்சினால் வெட்டியபின் கிடைக்கும் பெப்டைடு என்னும் சிறு புரதத் துண்டுகளின் கடலில் பாஸ்பேட் ஏறியவை மிகச் சில. செறிவாக்காவிட்டால் கருவி மற்றவற்றையே படித்துக்கொண்டிருக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு மணிகள், அல்லது இரும்பு அயனி பொருத்திய மணிகள், செரினுக்கும் த்ரியோனினுக்கும் நன்றாக வேலை செய்யும். ஒரு மில்லிகிராம் புரதமோ அதற்குக் குறைவோ போதும். டைரோசினுக்கு அவை மட்டும் போதாது. அதன் அரிதான அளவை மேலே சொன்னேன். பாஸ்போடைரோசின் ஆன்டிபாடியால் பெப்டைடுகளைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பழைய வழக்கப்படி 5 முதல் 10 மில்லிகிராம் புரதம் தேவை. புதிய கருவிகளில் இது குறைந்து வருகிறது.

சவ்வுப் புரதங்களுக்கு மட்டும் உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. கரைக்கப் பயன்படுத்திய டிடர்ஜென்ட் எஞ்சியிருந்தால் கருவியில் பெப்டைடின் சிக்னலை மூழ்கடித்துவிடும். வடிகட்டியில் யூரியாவால் கழுவியோ, அமிலம் சேர்த்ததும் வீழ்படிந்துவிடும் டிஆக்சிகோலேட்டைப் பயன்படுத்தியோ அதை நீக்க வேண்டும். சயாலிக் அமிலம் கொண்ட சர்க்கரைப் பெப்டைடுகளும் டைட்டானியம் மணியில் ஒட்டிக்கொள்ளும் என்பது இரண்டாவது. சவ்வு மாதிரியில் அவை ஏராளம், செறிவாக்குவதற்குமுன் பி.என்.ஜி.யேஸ் எஃப் கொண்டு சர்க்கரையை வெட்டிவிடுவது நல்லது.

பிளாட்டில் 1068 தெளிவாகத் தெரிகிறது, மாஸ் ஸ்பெக்கில் வரவே இல்லை. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். 1173ஆவது டைரோசின் 11 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடில் அமைந்திருக்கிறது. கருவி அதை எளிதில் பார்க்கிறது. 1068 அமைந்திருப்பதோ 31 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட பெப்டைடில். அதில் ஆறு அமில அமினோ அமிலங்கள் வேறு. அது அயனியாவதும் துண்டாவதும் கடினம். வேறொரு நொதியால் வெட்டிப் பாருங்கள். சவ்வை ஊடுருவும் பகுதியில் வெட்டுவதற்கு லைசினோ ஆர்ஜினினோ இருக்காது என்பதால் அந்தப் பகுதியும் பெரும்பாலும் கண்ணில் படாது. மாஸ் ஸ்பெக் பட்டியலில் ஓர் இடம் இல்லை என்பது அங்கே பாஸ்பேட் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஹன்டரின் பஃபர் கதை இங்கேயும் பொருந்தும்.

மென்பொருள் பாஸ்பேட் இடத்தைச் சொல்லிவிட்டது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பெப்டைடு எது என்பது ஒரு கேள்வி; அதில் பாஸ்பேட் எங்கே என்பது வேறு கேள்வி. மேலே சொன்ன 31 நீளப் பெப்டைடையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் எழுத்தே 1045ஆவது டைரோசின். 1068உம் அதிலேயே இருக்கிறது. இடையிலும் பின்னும் உள்ள செரின், த்ரியோனின்களையும் சேர்த்தால் பாஸ்பேட் ஏறக்கூடிய இடங்கள் மொத்தம் ஒன்பது. ஒன்பதுக்கும் நிறைக் கூடுதல் ஒன்றே, 79.966 டால்டன். இரண்டு இடங்களுக்கு நடுவே முறியும் துண்டு நிறமாலையில் தெரிந்தால்தான் எந்த இடம் என்று சொல்ல முடியும். இட நிகழ்தகவு 0.75க்குக் கீழே இருப்பவற்றை இடம் உறுதியாகாதவை என்று தனியே வைப்பது வழக்கம். முடிவின் முழுச் சுமையும் ஒரே இடத்தின்மேல் நிற்கிறது என்றால் நான் 0.75யும் போதுமானதாகக் கொள்ள மாட்டேன், நிறமாலையைக் கண்ணால் பார்ப்பேன். 216.04இல் ஒரு சிறு துண்டு தெரிந்தால் டைரோசின்தான் என்பதற்கு அது நல்ல சாட்சி. பாஸ்பேட்டும் ஒரு நீரும் சேர்ந்து கழன்று 98 டால்டன் குறைந்த பெரிய உச்சம் தெரிந்தால் செரினையோ த்ரியோனினையோ ஐயப்பட வேண்டும்.

1045இல் பாஸ்பேட் ஏறினால் அதற்கு முன்னிருக்கும் ஆர்ஜினினில் டிரிப்சின் சரியாக வெட்டாமல் போகவும் கூடும். ஆகவே தேடும்போது தவறவிட்ட வெட்டுகளுக்கும் இடம் கொடுங்கள்.

டைரோசினை குளூட்டமேட்டாக மாற்றினால் எப்போதும் பாஸ்பேட் ஏறியது போல இருக்குமா?

செரினையும் த்ரியோனினையும் அமில அமினோ அமிலங்களாக மாற்றுவது சில சமயம் பலிக்கிறது. டைரோசினுக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை. கிரப்2 போன்றவை வளையத்தையும் அதன் நுனியிலிருக்கும் பாஸ்பேட்டின் இரண்டு எதிர்மின்சுமைகளையும் சேர்த்துப் பற்றுகின்றன. குளூட்டமேட்டில் வளையமும் இல்லை, சுமையும் ஒன்றுதான். ஃபினைல் அலனின் மாற்றத்தால் இழப்பைக் காட்டலாம், குளூட்டமேட்டால் ஆதாயத்தைக் காட்ட முடியாது.

நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் இதையெல்லாம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கடிகாரம் அறுவை அரங்கிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே பாஸ்பேட் நிலை மாறத் தொடங்கும். மன அழுத்தத்தில் இருக்கும் மனிதரைப் போல, ஆக்சிஜன் இழந்த திசுவிலும் சில கைனேஸ்கள் கிளர்ந்தெழும். இறங்கும் பாஸ்பேட்டோடு புதிதாக ஏறுவதும் உண்டு என்பதால், பின்னால் கணக்கில் ஈடுகட்ட முடியாது. துண்டு எடுத்த நேரம், திரவ நைட்ரஜனில் போட்ட நேரம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்; எழுதப்படாத மாதிரிகளை ஒப்பீட்டில் சேர்க்காமல் இருக்கும் துணிவு வேண்டும். ஃபார்மலினில் போடுவது நொதிகளை உடனே நிறுத்திவிடும் என்று நினைப்பது தவறு. அது திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நகர்கிறது. பெரிய துண்டின் நடுப்பகுதி பல மணி நேரம் உயிரியல் வேதியியல் நடக்கும் இடமாகவே இருக்கும்.

பாஸ்பேட் கூடினால் ஏற்பி செயல்படுகிறது, குறைந்தால் அடங்கிவிட்டது என்று முடிவுகட்டலாமா?

கூடாது. இடத்தைப் பார்க்க வேண்டும். 1045இல் ஏறும் பாஸ்பேட் சி.பி.எல். என்ற புரதத்தை வரவழைத்து, யுபிக்விட்டின் ஒட்டி, ஏற்பியை அழிவுக்கு அனுப்புகிறது. சவ்வுக்கு உள்ளே ஒன்பதாவது அமினோ அமிலமாக அமைந்திருக்கும் 654ஆவது த்ரியோனினில் புரதக் கைனேஸ் சி ஏற்றும் பாஸ்பேட் ஏற்பியை அடக்குகிறது. 845ஆவது டைரோசினில் ஏற்றுவது சார்க் கைனேஸ். ஏற்பியின் சொந்த கைனேஸை அளப்பதாக நினைத்து அந்த இடத்தைப் பார்ப்பவர்கள் வேறொன்றை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

குறைவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜெஃபிட்டினிப்புக்கு மசியாமல் வளரும் சில நுரையீரல் புற்றுச் செல்களில் 1068 மங்கியே இருக்கும்; மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. மெட் என்ற வேறொரு ஏற்பியின் மரபணு பெருகி, அது இ.ஜி.எஃப்.ஆரின் உறவு ஏற்பியான ஹெர்3இன் டைரோசின்களில் பாஸ்பேட் ஏற்றி, செல்லை உயிரோடு வைத்திருக்கும் வழியைத் திறந்துவைத்திருக்கும் என்பது 2007இல் தெரியவந்தது. இத்தகைய செல்லில் 1068ஐ மட்டும் பிளாட் செய்தால் மருந்து பலித்தது என்று எழுதிவிடுவோம். எனவே மருந்து கொடுத்த மாதிரிகளில் 1068, 1173 ஆகியவற்றோடு, ஹெர்3இன் பாஸ்போடைரோசினையும், கீழ்வழியில் செய்தியைக் கடத்தும் ஏ.கே.டி., இ.ஆர்.கே. ஆகிய கைனேஸ்களின் பாஸ்பேட்டையும் ஒரே லைசேட்டிலிருந்து ஒரே நாளில் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.